மணல் பாதையில் ஒரு சிவப்பு பிளாஸ்க்

பாதையின் நடுவில் ஒரு ஆள் குப்புறக் கிடந்தான்.

வீப்கே மிதித்த பிரேக்கில் மண் அள்ளும் லோடர் வண்டி குலுங்கி நின்றது. செத்துவிட்டானோ... என்று ஒரு கணம் பயந்தாள். அப்புறம்தான் பார்த்தாள், பூட்ஸ் கால் ஒன்று மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. சுகமாகத்தான் படுத்திருக்கிறான் மனுஷன். கடற்கரையில் வெயில் காய்கிறவன் மாதிரி மோவாயை மணலில் ஊன்றிக்கொண்டு.

காலையிலிருந்து ஒரு பண்ணையில் மர வேர்க்கட்டைகளைப் பிடுங்கிப் பிடுங்கி அவளுக்கு இடுப்பு கழன்றிருந்தது. வண்டியின் அதிர்வு இன்னும் பல்லுக்குள் இருந்தது. வீட்டுக்குப் போய் இரண்டு துண்டு கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றுவிட்டுக் காலை நீட்டலாம் என்று வருகிறவளுக்கு வழியில் இப்படி ஒரு தடை. குடித்துக்கொண்டிருந்த காபி பிளாஸ்க்கும் கையுமாக இறங்கினாள்.

"மொய்ன்," என்றாள். கோபமோ குசலமோ, ஹோல்ஸ்டைன் சீமையில் வாயைத் திறந்தால் முதலில் வருவது அதுதான்.

அவன் திரும்பவில்லை. ஒரு விரலை மட்டும் தூக்கினான்.

"மொய்ன். அசையாதீங்க."

"நான் அசையக் கூடாதா? இது நான் தினம் போற வழி. படுக்கறதுக்கு உங்களுக்கு வேற இடம் கிடைக்கலயா?"

"ஒரே நிமிஷம்... சத்தியமா."

அந்தக் குரலில் இருந்த கெஞ்சல் அவளை நிறுத்தியது. பிளாஸ்க்கை மணலில் ஊன்றி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

வண்டியின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி மணல் அசைந்தது. சின்னதாக ஒரு துளை திறந்தது. அதிலிருந்து ஒரு குளவி வெளியே வந்தது. கறுத்த உடம்பில் வெளிர் மஞ்சள் வரிகள். நாய்க்குட்டி மண் பறிக்கிற மாதிரி முன்காலால் மணலை வாரிப் பின்னால் எறிந்து, தன் வாசலைத் தானே மூடியது. பிறகு எழும்பியது. துளைக்கு மேல் ஒரு வட்டம். அதைவிடப் பெரிதாக இன்னொரு வட்டம்... சிவப்பு பிளாஸ்க்கை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஊசிப் புல்லுக்கு மேலே பறந்து மறைந்தது.

அந்த ஆள் எழுந்து உட்கார்ந்தான். தாடி முழுக்க மணல். ஆனால் அந்தக் கண்கள்... மழை விட்ட மறுநாள் குழியில் தெளிந்து நிற்குமே தண்ணீர், அந்தச் சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். அவை அவளைப் பார்க்கவில்லை. பிளாஸ்க்கைப் பார்த்தன. அதில் வீப்கேவுக்கு ஏனோ கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

"போச்சு," என்றான். "அவ உங்க பிளாஸ்க்கை மனப்பாடம் பண்ணிட்டா."

"எவ?"

அவன் சொன்னான். சொல்லும்போது கையெல்லாம் பேசியது. இந்த மணல் குளவிக்கு மண்ணுக்குள் ஒரு பிள்ளை இருக்கிறதாம். அது வளர்ந்து முடிகிற வரைக்கும் தாய்க்காரி ஈ பிடித்து வந்து ஊட்ட வேண்டுமாம். வாசலை மூடிவிட்டுப் போகிறவள், பக்கத்தில் கிடக்கிற கல்லையும் குச்சியையும் பைன் காயையும் பார்த்து வைத்துக்கொண்டுதான் வீட்டைக் கண்டுபிடிப்பாளாம். அவற்றை ஒரு சாண் நகர்த்தினாலும் போதுமாம், தெரு மாறி வந்தவள் மாதிரி அலைவாளாம். இப்போது இந்த இடத்தில் அவள் கண்ணுக்குப் பெரிசாகப் பட்டது ஒரே ஒரு சாமான்.

"அதனால... பிளாஸ்க்கை எடுக்காதீங்க."

"எவ்வளவு நேரத்துக்கு?"

அவன் தாடியைச் சொறிந்தான். மணல் உதிர்ந்தது.

"ஆகஸ்ட் வரைக்கும்."

வீப்கே சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். அது தானாக வந்தது. அவனும் சிரித்தான். இந்தக் குளவி ஹோல்ஸ்டைனை விட்டே போய்விட்டது என்று எல்லாரும் எழுதி முடித்த பிறகு அகப்பட்ட ஒரே ஒருத்தி இவள் என்று சொல்லி, கையை நீட்டினான்.

"ஹாரோ லோரென்சன். கீல் பட்டணத்துல இருந்து வர்றேன், யுனிவர்சிட்டி."

நீட்டிய கையை நோக்கிப் போன அவள் கை பாதியில் நின்றது.

லோரென்சன்.

அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வருஷக்கணக்காக அடிபட்ட பெயர் அது. பாதைக்கு அந்தப் பக்கம், முள்வேலிக்குப் பின்னால் கிடக்கிறதே ஒரு பள்ளம், அது அவள் அப்பா ஹின்னர்க் ஹார்ம்ஸின் மணல் குவாரி. கீலிலிருந்து வந்த ஒரு மாணவன் அங்கே குளவிகளையும் தேனீக்களையும் எண்ணி, இந்த இடத்தில் இயந்திரம் இறங்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தான். அரசாங்கம் வேலி போட்டது. அப்பாவின் பிழைப்பு அந்த வேலிக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு ஊரார் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியும் வாய்க்கால் வெட்டியும் வண்டியின் தவணையை அடைத்தது வீப்கேதான்.

"அந்த லோரென்சனா?"

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. வண்டியின் கதவில் எழுதியிருந்த பெயரை இப்போதுதான் படித்தான்.

"நீங்க ஹார்ம்ஸ் வீட்டுப் பொண்ணு..."

"என் அப்பாவோட பிளாஸ்க்கைக் குடுங்க. போறேன்."

அவன் தடுக்கவில்லை. எழுந்து ஒதுங்கி நின்றான். வீப்கே குனிந்தாள். கை பிளாஸ்க்கின் மூடியைத் தொட்டபோது காதோரம் ஒரு ரீங்காரம். குளவி திரும்பி வந்துவிட்டது. தன் உடம்பில் பாதி இருக்கிற ஒரு ஈயை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பிளாஸ்க்கின் சிவப்பு நிழலில் இறங்கி, கொஞ்சமும் யோசிக்காமல் சரியான இடத்தில் மணலைப் பறித்து உள்ளே போனது. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிற பொம்பளை.

வீப்கே கையை எடுத்துக்கொண்டாள். வண்டியில் ஏறி, வந்த வழியே பின்னோக்கி ஓட்டிக்கொண்டு போனாள். தன் மேலேயே அவளுக்குக் கோபம்.

---

பிளாஸ்க் எங்கே என்று அப்பா கேட்டார். வழியில் ஒரு இடத்தில் விட்டுவிட்டேன் என்றாள். அது பொய்யும் இல்லை.

மறுநாளிலிருந்து அவள் தார் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். ஆனாலும் பாதை பிரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, நடந்து போய் ஒரு பார்வை பார்க்காமல் இருக்க முடியவில்லை. குளவியைத்தான் பார்க்க வந்தேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அவன் ஒவ்வொரு நாளும் அங்கேயே கிடந்தான். ஒரு நாள் தன் பிளாஸ்க்கிலிருந்து ஒரு கோப்பை காபியை ஊற்றி நீட்டினான். உங்களுடையதைப் பணயமாகப் பிடித்து வைத்திருக்கிறேன், இதாவது கொடுக்க வேண்டாமா என்றான்.

அவள் ஒரு வாய் குடித்தாள்.

"மோசமில்ல."

ஹாரோவின் முகம் விருது வாங்கினவன் மாதிரி மலர்ந்தது. அவனும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதானே. இங்கே அதற்கு மேல் ஒரு பாராட்டுக் கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். வீப்கேயின் அம்மாவை முதல்முதலாகப் பார்த்தபோது அப்பா சொன்னதும் அந்த ஒரே சொல்தான். அதை நம்பித்தான் கழுத்தை நீட்டினேன் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

ஜூலையில் ஒரு மத்தியானம் பாதி வானம் கறுத்து, மழை சட்டென்று கொட்டியது. அன்றைக்கு வீப்கே வண்டியைப் பாதை முனை வரைக்கும் கொண்டுவந்திருந்தாள். லோடரின் பக்கெட்டைத் தலைக்கு மேலே தூக்கி நிறுத்திவிட்டு இறங்கி, வாங்க என்று கையைக் காட்டினாள். இரும்புக் கூரைக்குக் கீழே இரண்டு பேரும் ஒண்டி நின்றார்கள். மேலே மழை தகரத்தில் பட்டாணி கொட்டுகிற மாதிரி இரைந்தது.

"இது கீழ விழாதுல்ல?" என்று அண்ணாந்து பார்த்தான்.

"நீங்க மறுபடி ஏதாவது எழுதிக் குடுத்தா விழும்."

அவன் சிரிக்கவில்லை. குனிந்து, காலடியில் பூத்திருந்த நீல மணிப்பூவின் முகத்தை விரலால் லேசாக நிமிர்த்திக் காட்டினான். உள்ளே, மகரந்தத் தண்டைக் கட்டிக்கொண்டு, எள்ளளவு தேனீக்கள் மூன்று நெருக்கியடித்துத் தூங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் ஆண்கள் என்றான். வீடு கட்டத் துப்பில்லாததுகள், மழை வந்தால் பூவுக்குள் புகுந்துகொள்ளுமாம்.

"வீடில்லாத ஆம்பளைங்க," என்றாள் வீப்கே. "அடுத்தவங்க பக்கெட்டுக்குக் கீழயும் நிப்பாங்க போல."

அப்போது அவன் அவளைப் பார்த்தான். முதல் தடவையாக, பிளாஸ்க்கையோ மணலையோ பார்க்காமல், அவளை... மழையில் நனைந்து நெற்றியில் ஒட்டிய அவள் முடியை, கிரீஸ் படிந்த கன்னத்தை. அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மழையைப் பார்த்தாள்.

மழை விடுகிற வரைக்கும் அவன் கதை சொன்னான். இந்தச் சீமையில் தேனீயையும் குளவியையும் தேடி அலைந்த பழைய ஆட்களின் வரலாற்றை அவன் எழுதிக்கொண்டிருந்தான். ஒரு பாதிரியார் இருந்தாராம். அங்கிக்குள் பூச்சி வலையை ஒளித்து வைத்திருப்பாராம். ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் பிரசங்கம் சுருக்கமாக முடிந்துவிடும், மழை பெய்தால் சனங்கள் மாட்டிக்கொண்டார்கள். அப்புறம் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் ஒரு தபால்காரரும். இந்த மணலில் பிடித்த இரண்டு குளவிகள் ஒரே இனமா, வேறு வேறா என்று இருவருக்கும் சண்டை. வாத்தியார் வேறு வேறு என்றார், அடித்துச் சொன்னார். நிறம் வேறு, உணர்கொம்பு வேறு. தபால்காரர் வருஷக்கணக்காக அவருக்குக் கடிதம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பேசாமலே போவாராம்.

"யார் ஜெயிச்சாங்க?"

"தபால்காரர். ஒரு நாள் ரெண்டு குளவியையும்..." ஹாரோவின் காது சிவந்தது. "ஒண்ணா பார்த்துட்டார். ஒண்ணு ஆம்பளை, ஒண்ணு பொம்பளை. ஜோடி."

இப்போது இரண்டு பேருமே மழையைப் பார்த்தார்கள்.

மழை தணிந்து சொட்டத் தொடங்கியபோதுதான் அவன் வேலிப் பக்கம் திரும்பினான். குரல் இறங்கியிருந்தது.

"நாங்க எண்ணும்போது அந்தக் குழியில கூட்டம் கூட்டமா இருந்துச்சு. வேலி போட்டாச்சு, காப்பாத்தியாச்சுன்னு நினைச்சேன். மறு வருஷம் பிர்ச் மரம் முளைச்சுது. அப்புறம் முள்ளுப் பழச் செடி. வெறும் மணல் மூடிப் போச்சு. வருஷா வருஷம் வந்து எண்ணினேன் வீப்கே... குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. உங்க அப்பா மணலைக் கிளறிக் கிளறிப் போட்டதுலதான் அதுங்க வாழ்ந்திருக்கு. கடைசியா மிஞ்சின ஒருத்தி எங்க இருக்கா பாருங்க. உங்க வண்டிச் சக்கரம் புரட்டிப் போட்ட தடத்துல."

குழியைத் திரும்பத் திறக்க அரசாங்கம் சம்மதித்துவிட்டது என்றும் சொன்னான். மரங்களைப் பெயர்த்து, மணலைப் புரட்டி, வருஷம் தவறாமல் அதைச் செய்ய ஒரு இயந்திரம் வேண்டும். அதற்கு வெளியூர்க் கம்பெனியைத் தேடச் சொல்கிறார்கள்.

"நான் உங்க அப்பாவைக் கேக்கணும்னு நினைக்கறேன்."

"அவர் உங்களைக் குழிக்குள்ளயே வச்சு மூடிடுவார்," என்றாள் வீப்கே. வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அப்பாவின் வாயிலிருந்து இவன் பெயர் எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும். இவனைக் கூட்டிக்கொண்டு அந்த மேஜைக்குப் போனால் அப்பாவின் முகம் என்ன ஆகும் என்பதும் தெரியும். இவன் இல்லாமல் அந்த மேஜையில் உட்காருவது இனிமேல் எப்படி இருக்கும் என்பதுதான் புதிதாகத் தெரிந்தது. இரண்டில் ஒன்றை விட வேண்டியிருக்குமோ...

அப்பாவிடம் நானே பேசுகிறேன், அதுவரைக்கும் நீங்கள் வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். நாள்கள் போயின. பேச வாய் வரவில்லை.

---

டீசல்தான் காட்டிக்கொடுத்தது. இரண்டு எட்டில் போகிற வேலைக்கு இவ்வளவு டீசல் ஏன் ஆகிறது என்று யோசித்த ஹின்னர்க், ஒரு நாள் தன் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு மகளுக்குப் பின்னாலேயே வந்துவிட்டார்.

வீப்கே நிமிர்ந்தபோது அவர் பாதையில் நின்றுகொண்டிருந்தார். நீலக் கப்பல்காரன் தொப்பி, கையில் சைக்கிள். மகளைப் பார்த்தார். மகளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்த ஆளைப் பார்த்தார். முகம் கல்லாக ஆனது. சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு, நேரே நடந்து வந்து தன் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டார்.

"அப்பா..."

"என் சாமான். நான் எடுத்துக்கறேன்."

ஹாரோ எழுந்து நின்றான். அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று வீப்கே பார்த்தாள். சொல்லுகிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தவன் மாதிரி தலை குனிந்து நின்றான்.

அந்த நேரத்தில் குளவி வந்தது. வயிற்றில் ஈ.

வழக்கமான இடத்துக்கு வந்து இறங்கப் பார்த்தது. இறங்கவில்லை. எழும்பியது. சுற்றியது. கொஞ்சம் தள்ளி இறங்கி மணலைப் பறித்தது. அங்கே ஒன்றும் இல்லை. மறுபடி எழும்பியது. ஈயைக் கீழே போடாமல், தன் வீட்டைச் சுற்றிச் சுற்றியே வீட்டைத் தேடியது.

ஹின்னர்க் கிளம்பத் திரும்பியவர் நின்றுவிட்டார்.

"என்ன தேடுது அது?"

"உங்க கையில இருக்கறதை," என்றான் ஹாரோ மெதுவாக. "அதைப் பார்த்துத்தான் வீட்டுக்கு வரும்."

கிழவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குளவி விடவில்லை. திரும்பத் திரும்ப வந்தது. அவர் பேசியபோது குரல் குளவியிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

"குவாரியை மூடினப்புறமும் நான் காலையில எழுந்து வண்டியை எடுப்பேன். கை பழகிப்போச்சு. அந்த வேலி வரைக்கும் போவேன். பூட்டைப் பார்த்ததும்தான் நெனப்பு வரும். திருப்பிக்கிட்டு வருவேன். மறுநாள் மறுபடி போவேன். அந்தக் குளிர்காலம் முழுக்க..." தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "யார்கிட்டயும் சொன்னதில்ல."

வீப்கேவுக்கும் இது தெரியாது.

"நான்தான் எழுதினேன்," என்றான் ஹாரோ. "குளவியை எண்ணினேன். உங்களை எண்ண மறந்துட்டேன். தப்பா எழுதினேன்னு இப்போ அரசாங்கத்துக்கு எழுதிட்டேன், என் பேரைப் போட்டே. குழியைத் திறக்கச் சம்மதிச்சுட்டாங்க, ஆனா மரத்தைப் பெயர்க்க வெளியூர்க் கம்பெனியைத் தேடச் சொல்றாங்க."

ஹின்னர்க் துளைப் பக்கம் திரும்பி வந்தார். குனிந்து பிளாஸ்க்கைத் திரும்ப மணலில் வைத்தார். குளவி இறங்கித் தவறின இடத்தில் பறித்தது. வீப்கே முழங்காலிட்டு, மணலில் பதிந்திருந்த பழைய வட்டத் தடத்தைப் பார்த்து, பிளாஸ்க்கை இரண்டு விரற்கடை நகர்த்தினாள்.

குளவி நேரே இறங்கியது. மணல் சிதறியது. ஈயும் அதுவும் உள்ளே போய்விட்டன.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

ஹின்னர்க் சைக்கிளை நிமிர்த்தினார். வேலிக்குப் பின்னால் காடாகக் கிடந்த தன் குழியை ஒரு தடவை நோட்டம் விட்டார்.

"அந்த பிர்ச்சையெல்லாம் வேரோட பிடுங்கணும். வெட்டிவிட்டா மறுபடி துளிர்க்கும். வெளியூர்க்காரனுக்கு அந்தச் சரிவு தெரியாது, வண்டியைக் கவிழ்த்துடுவான்." ஏறி உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "தம்பி, ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்தா மீன் பொரிச்சது திம்பீங்களா? எங்க வீட்டுல மீனுதான்."

---

ஆகஸ்ட் கடைசியில் குளவி வாசலை மூடிவிட்டுத் திரும்பி வரவில்லை. வேலை முடிந்தது என்றான் ஹாரோ. பிள்ளை மண்ணுக்குள் கூடு கட்டிக்கொண்டு தூங்குகிறது. வருகிற கோடையில்தான் எழுந்து வரும். அப்போது அதற்கு வெறும் மணல் வேண்டும்.

வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா லோடரை ஓட்டிக்கொண்டிருந்தார். சாய்ந்த பிர்ச் மரங்களுக்கு நடுவில் மஞ்சள் மணல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது, வயசான ஆள் ஒருத்தர் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்கிற மாதிரி. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. யாரும் அதைச் சட்டை செய்யவில்லை.

ஹாரோ பிளாஸ்க்கை எடுத்து மணலைத் தட்டி, தன் சட்டை நுனியால் துடைத்தான். வெயிலில் ஒரு பக்கம் சிவப்பு வெளுத்திருந்தது. அவளிடம் நீட்டினான்.

"இனிமே இது வேண்டியதில்ல. எடுத்துக்கலாம்."

வீப்கே வாங்கவில்லை.

"நீங்க கீலுக்குப் போயிடுவீங்க."

"புத்தகத்தை முடிக்கணும். கடைசி அத்தியாயம் எழுத வரல." தூறல் அவன் இமையில் நின்றது. சாம்பல் பச்சைக் கண்கள் இப்போது எங்கேயும் ஓடவில்லை. "அந்தப் பாதிரியார், வாத்தியார், தபால்காரர் எல்லாரும் இந்த மணலுக்கு வந்து கத்துக்கிட்டுப் போனாங்கன்னு எழுதிட்டேன். நான் என்ன கத்துக்கிட்டேன்னு எழுத உக்காந்தா... இந்தச் சிவப்புதான் கண்ணுல நிக்குது. கீல்ல ரூமைத் திறந்து உள்ள போறேன் வீப்கே, என் இடம்னே தோணல. எங்கயோ தப்பா பறிச்சுக்கிட்டிருக்கற மாதிரி இருக்கு. தினமும் உன் வண்டி சத்தம் கேட்டாதான்..." நிறுத்தினான். 'உன்' என்று சொல்லிவிட்டது அவனுக்கே பிறகுதான் உறைத்தது. காது சிவந்தது. "நான் வீட்டுக்கு வர்றதுக்கு வழி நீதான். சொல்லிட்டேன். என்னைப் பத்தி நீ என்ன நினைக்கறேன்னு சொல்லு. பக்கெட்டைத் தலையில போட்டாலும் சரி."

வீப்கேயின் நெஞ்சு டீசல் இன்ஜின் மாதிரி அடித்துக்கொண்டது. சொல்ல எத்தனையோ இருந்தது. இந்தக் கோடை முழுவதும் தார் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனது யாருக்காக என்று சொல்லலாம். குளவி வராத நாளிலும் தான் வந்ததைச் சொல்லலாம். அவள் ஹின்னர்க்கின் மகள். அவளுக்கு அவ்வளவு வார்த்தை வராது.

அவன் கையிலிருந்த பிளாஸ்க்கை வாங்கி, அவன் நின்ற இடத்தில், அவன் பூட்ஸுக்கு ஒட்டினாற்போல மணலில் ஊன்றினாள். நிமிர்ந்து, மழையில் நனைந்த அந்த மணல் தாடியை, அந்தக் கண்களை நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"மோசமில்ல," என்றாள்.

ஹாரோ லோரென்சன், ஹோல்ஸ்டைன்காரன், அதைக் கேட்டு அழுதுவிட்டான்.